தோட்டத்து முறைப்பாட்டைத் திகதியுள்ள தாளாக்குவது எப்படி

தோட்டத்தில் ஒருவர் வந்து "சம்பளம் குறையுதுங்க" என்று சொல்லும்போது, அவரிடம் இருப்பது ஒரு துயரம். அது இன்னும் முறைப்பாடாகவில்லை. எந்த மாதம், எந்த மலை (கொழுந்து பறிக்கும் பகுதி), எத்தனை கிலோ, யார் கழித்தார், எந்தத் தாளில் அது பதிந்திருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் அது தொழில் அலுவலகத்தின் மேசையில் நிற்கக்கூடிய ஒன்றாகிறது. இலங்கையின் மலையகத்தில் உரிமைக்காக உழைக்க விரும்பும் இளைஞர்கள் பலர் பதாகையிலிருந்து தொடங்குகிறார்கள். ஹட்டன் மல்லியப்பு சந்தியில் பதாகை பிடிப்பதற்கும் ஒரு நாள் வரும். ஆனால் அந்த நாளில் அதிகாரி ஒருவர் இறங்கி வந்து "ஆதாரம் எங்கே" என்று கேட்டால் கொடுப்பதற்கு ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பை லயத்திலிருந்தே, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்தே, கட்டியெழுப்பும் முறையை, பல ஆண்டுகளாகத் தோட்ட மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து வரும் ஒருவரின் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனத்தின் பெயரால் நடக்கும் அநீதியும் வயிற்றில் அடிக்கும் அநீதியும் இங்கே இரண்டு வழக்குகள் அல்ல. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெண்ணின் சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் வருகிறது; அவர் பொலிஸ் நிலையத்தில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது; இரண்டிலும் அவர் கையெழுத்திடுகிறார். பணம் போவதும் மொழியின் வழியாகத்தான். ஆகவே கூலிக் கணக்கைப் பார்க்கும்போது மொழியையும், மொழிப் பிரச்சினையைப் பார்க்கும்போது கூலியையும் சேர்த்தே பாருங்கள்.

கொப்பியும் தராசும்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும், கை கால் கழுவுவதற்கு முன்னரே, ஐந்து விடயங்களை எழுதச் சொல்லுங்கள்: திகதி, எந்த மலை, ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன. எழுத முடியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். ஒரே கொத்தில் வேலை செய்யும் மூன்று பேராவது தனித்தனியாக எழுத வேண்டும். மூன்று கொப்பிகளும் ஒரே நாளில் ஒரே கழிவைச் சொன்னால் அதன் பாரம் வேறு.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "செவ்வாய், 12ஆம் நம்பர் மலை. காலை 8, பகல் 7, மாலை 6. மொத்தம் 21. கழித்தது 3, சாக்குக்கு 1, தண்ணிக்கு 2. எழுதினது 18. நோம் 20. அரைப் பேர்." நோம் என்பது ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ அளவு; பேர் என்பது ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு. இந்த ஒரு வரிக்குள் ஒரு வழக்கே இருக்கிறது. பறித்தது 21 கிலோ. கழித்த பிறகு 18. அதனால் நோமுக்கு இரண்டு கிலோ குறைந்து முழுப் பேர் அரைப் பேராகிவிட்டது. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று கிலோக் கொழுந்தின் பெயரால் 675 ரூபாய் போய்விட்டது. மாதத்தில் ஆறு நாள் இப்படி நடந்தால் 4,050 ரூபாய். "சம்பளம் குறையுது" என்ற துயரத்துக்கு இப்போது ஓர் எண் கிடைத்துவிட்டது.

மழை நாளில் கொழுந்தில் ஈரம் இருப்பது உண்மைதான். சாக்குக்கும் ஓர் எடை உண்டு. ஆகவே "எதையும் கழிக்கக் கூடாது" என்று கோருவது நிற்காது. "வெயில் நாளிலும் தண்ணிக்குக் கழிப்பது ஏன், சாக்கை வெறுமையாக ஒரு முறை நிறுத்துக் காட்டினால் என்ன, கழிவு வீதத்தைத் தீர்மானித்தது யார், அது எந்தத் தாளில் எழுதப்பட்டுள்ளது, நோம் தவறினால் அரைப் பேர் போடும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது" என்று கேட்பது நிற்கும். தராசையும் பாருங்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் நிறுவைக் கருவிகளைச் சோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டினது என்று ஒரு தடவை குறித்து வைத்துக்கொள்வதற்குத் துணிச்சல் கூடத் தேவையில்லை, கண் போதும்.

சம்பளச் சீட்டு

மாத முடிவில் கொப்பியையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். இதை ஒரு தனி ஆளின் வீட்டில் செய்யாமல், நான்கைந்து பேர் தங்கள் சீட்டுகளோடு ஓரிடத்தில் உட்கார்ந்து செய்வது நல்லது. முதல் சீட்டை விளக்கியதும் மற்றவர்கள் தங்களுடையதைத் தாங்களே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதலில் பேர் எண்ணிக்கை, முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை. அடுத்து நாட்சம்பளம். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டு சம்பள நிர்ணய சபையின் மூலம் 1,000 ரூபாயாக்கப்பட்டது. 2024இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது கம்பனிகள் நீதிமன்றம் சென்றதால் நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று புதிய வர்த்தமானி வெளிவந்தது. இத்தகைய தொகைகள் மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே மேடையில் கேட்ட தொகையையும் தொலைக்காட்சியில் கேட்ட தொகையையும் விட்டுவிட்டு, நீங்கள் கணக்குப் பார்க்கும் மாதத்தில் நடைமுறையிலிருந்த வர்த்தமானியின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கத்தொகை என்று வாக்களிக்கப்படுவது வேறு, அடிப்படைச் சம்பளம் வேறு. சேமலாப நிதியைக் கணக்குப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் தனியாக 3 வீதம். 20 பேர் விழுந்த மாதத்தில் 1,350 ரூபாய்க் கணக்கில் சம்பளம் 27,000 ரூபாய். அதில் தொழிலாளியிடமிருந்து வெட்டப்படுவது 2,160, தோட்டம் சேர்க்க வேண்டியது 3,240, நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 810. சீட்டில் வெட்டு மட்டும் தெரியும். மற்ற இரண்டும் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தனவா என்பது சீட்டில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள உறுப்பினர் கணக்கு மீதிக் கூற்று வேண்டும். அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதற்கு ஓய்வு பெறும் வயது வரை காத்திருக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

சேவைக்காலப் பணத்தைப் பற்றியும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓய்வு பெறும்போது கையில் வைக்கப்படும் தொகையை எண்ணிப் பார்க்காமலே வாங்கி வருபவர்கள் அதிகம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் சேவை செய்த ஒருவருக்கு, அவர் நாட்கூலியாக இருந்தால், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில் கணக்கிடப்பட வேண்டும். 25 ஆண்டுகள் என்றால் 350 நாட்கள். 1,350 வீதப்படி 472,500 ரூபாய். வேலையை விட்டு 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் செலுத்த நேரிடும்.

பெயர் என்னும் தடை

பணம் நிற்பதற்குப் பாதிக் காரணம் பெயர். தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சிங்களத்திலிருந்து தமிழுக்கு எழுத்துப் பெயர்த்த அடையாள அட்டையில் வேறொரு பெயர். நான் பார்த்த ஒரு கோப்பில், முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஓர் அம்மாவின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது. தகப்பனின் பெயர் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நின்றது. பிறந்த ஆண்டு இரண்டு வருடம் வேறுபட்டது. அந்த அம்மா நான்கு தடவை பஸ் ஏறி நகருக்குப் போய், நான்கு தடவையும் "அடுத்த கிழமை வாங்க" என்ற பதிலோடு திரும்பியிருந்தார். குறை எங்கே என்று யாரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை.

இதற்குச் சமாதான நீதவான் முன் செய்யப்படும் சத்தியக் கடதாசியும், கிராம உத்தியோகத்தரின் சான்றும், தோட்டத்திலிருந்து பெறும் சேவைக் கடிதமும் சேர்ந்து பெரும்பாலும் வழி திறக்கும். ஆனால் ஓய்வு பெற்ற பின் ஓடுவதை விட, வேலையில் இருக்கும்போதே செக்ரோல் பெயரை அடையாள அட்டைப் பெயருக்கு மாற்றும்படி எழுத்தில் கேட்பது பல மடங்கு இலகு. இளைஞர் குழு ஒன்று ஒரு தோட்டத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முதல் வேலை எதுவென்று என்னைக் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லயம் லயமாகப் போய், யார் யாருக்குப் பெயர் ஒத்துப்போகவில்லை என்ற பட்டியலைத் தயாரிப்பதைத்தான் சொல்வேன். ஊர்வலத்தின் ஆரவாரம் இதில் கிடையாது. ஆனால் பலரின் சேமலாப நிதி அந்தப் பட்டியலில்தான் தங்கியிருக்கிறது.

தாள் இல்லாமற் போனதன் கதை இந்த மக்களுக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவு செய்யப்படாத லயத்தில் பிறந்தவர்கள் அதை எதைக் கொண்டு நிரூபிப்பது? 1947இல் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று, அந்த மக்களில் ஒருவரையும் கேட்காமல், பங்கு பிரித்தது. 1986, 1988 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகும் எஞ்சிய நாடற்றவர் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஆகவே பாட்டன் காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எந்தத் தகரப் பெட்டியில் கிடந்தாலும் அதை எடுத்து, பிரதி செய்து, பத்திரப்படுத்துங்கள். கறையான் அரித்த பிறகு அழுவதில் பயனில்லை.

கடிதம்

முதற்கடிதம் தோட்ட முகாமையாளருக்கு. தமிழிலேயே எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம். சம்பளமும் கூரையும் பிள்ளைக் காம்பிராவும் (குழந்தைக் காப்பகம்) ஒரே தாளில் வந்தால் மூன்றுக்கும் பதில் வராது. வசைச் சொல் வேண்டாம், "கொடுங்கோல் நிர்வாகம்" என்ற மேடைச் சொல்லும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"இவ்வாண்டு ஜூன் மாதத்தில் எமது பிரிவில் கொழுந்து நிறுவையின்போது ஒவ்வொரு நாளும் 2 முதல் 3 கிலோ வரை கழிக்கப்பட்டதையும், அதனால் கீழே பெயர் குறிப்பிட்டுள்ள 14 பேருக்கு மொத்தமாக 52 நாட்கள் அரைப் பேர் போடப்பட்டதையும் இத்துடன் இணைத்துள்ள அட்டவணை காட்டுகிறது. கழிவு வீதம் எந்த அடிப்படையில் தீர்மானிக்கப்பட்டது என்பதையும், குறைந்த சம்பளம் எப்போது வழங்கப்படும் என்பதையும் 14 நாட்களுக்குள் தமிழில் எழுத்து மூலம் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டு பிரதிகள் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தோட்ட ஆபீஸின் முத்திரையும் திகதியும் கேளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை பிடிக்காமல் திரும்பி வந்து, அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர்ச் சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். பெயர்ப்பட்டியலில் கையெழுத்துகளை வட்டமாக வாங்குவது ஒரு பழைய தந்திரம். முதலில் கையெழுத்திட்டது யார் என்று தெரியாது.

பதில் வரும் முகவரி ஒரு தனித் தலைவலி. லயத்து வீடுகளில் பலவற்றுக்கு இன்னும் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட ஆபீஸ் வழியாகவே வந்து சேர்கின்றன. யாரைப் பற்றி முறையிட்டீர்களோ அவர்கள் கையாலேயே பதில் வருமென்றால் எத்தனை நாள் அது மேசையில் கிடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரின் வீட்டு முகவரியையோ, நகரத்துக் கடை முகவரியையோ, அவருடைய சம்மதத்தோடு கொடுங்கள்.

தொழிற்சங்கத்தோடு நடந்துகொள்ளும் விதம்

தொழிற்சங்கம் வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தது சம்பளப் போராட்டத்தில். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் இறந்தது காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில். கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் தோட்டம் தோட்டமாகப் போய், பேச்சோடு பாட்டையும் சேர்த்துக் கட்டிய சங்க உணர்வின் மேல்தான் இன்றைக்கும் நாம் நிற்கிறோம். ஆனால் சந்தா கட்டிவிட்டோம், தலைவர் பார்த்துக்கொள்வார் என்று கோப்பைக் கையளித்துவிட்டு வீட்டுக்குப் போவது வேறு விடயம். சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் கோப்பின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்; அவர் துரையை, அதாவது தோட்ட முகாமையாளரை, சந்திக்கும்போது பாதிக்கப்பட்டவர்களில் இருவர் கூடப் போக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சங்கங்களுக்கிடையே போட்டி உள்ள தோட்டத்தில், எல்லாச் சங்கத்தினரின் கையெழுத்தும் ஒரே தாளில் விழுவது பெரிய வெற்றி. எந்தச் சங்கமும் உங்கள் பேச்சைக் கேட்கவில்லையென்றால், 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பதையும் அறிந்து வைத்திருங்கள். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரத்தைப் பிரஜைக்கு உறுதி செய்கிறது.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு வைத்தால் அடுப்பில் பானை இருக்கும் நேரத்தில் பெண்கள் வர மாட்டார்கள், பிறகு "பொம்பளைங்க அக்கறை எடுக்கிறதில்ல" என்று குறை சொல்வோம். மாலை நிறுவைக்குப் பிறகு மடுவத்திலேயே கால் மணி நேரம் பேசுங்கள்.

எந்தக் கதவை எப்போது தட்டுவது

சம்பளம், சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவற்றுக்குத் தொழில் திணைக்களத்தின் அலுவலகம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் தொழில் நியாய மன்று. ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், "துரை மனம் மாறுவார்" என்று காத்திருந்து ஏழாவது மாதம் வந்தவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததில்லை. மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலை நேரத்தில் நடந்தது என்பதைக் காட்டும் தாளும், ஆஸ்பத்திரித் துண்டும் நட்டஈட்டுக்குத் தேவைப்படும். இரண்டையும் அன்றைக்கே பிரதி எடுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழு பற்றித்தான் அதிகமான தவறான எண்ணம் உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணைக்குழு, அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் விசாரிக்கும். கம்பனி கொழுந்தைக் கழித்தது என்று நேரடியாக அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அந்தக் கழிவைப் பற்றி மூன்று கடிதம் எழுதியும் அரச அதிகாரி ஒருவர் தன் கடமையைச் செய்யாமல் இருந்தால், அல்லது பக்கத்து ஊரவர் ஒருவருக்குச் செய்ததைத் தோட்டத்தவர் என்பதால் உங்களுக்குச் செய்ய மறுத்தால், அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்தின் கதை. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்பவற்றின் காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. பொலிஸில் அடி வாங்கினால் 11ஆம் உறுப்புரை. முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், 1996 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் அழைக்கலாம். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன.

இங்கே காலக்கெடு கத்தி போன்றது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் கடிதங்களையும் அழைப்பாணைகளையும் சேர்த்து வையுங்கள். சம்பவம் நடந்து மூன்றாவது கிழமையே சட்டத்தரணி ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

மொழி விடயத்தில் தயங்க வேண்டியதில்லை. 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தத்துக்குப் பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் பதில் வந்தால் கடைக்காரரிடம் வாசிக்கக் கொடுத்து அரைகுறையாகப் புரிந்துகொள்வதை விட, "தங்கள் கடிதம் கிடைத்தது, அதன் தமிழாக்கத்தை அனுப்பவும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் பிரதியிடுங்கள். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால், வாசித்து விளக்கப்படும் வரை கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட நேர்ந்தால், அதற்குக் கீழே "எனக்கு விளங்கவில்லை" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதிவிட்டு இடுங்கள்.

தகவல் கேட்கும் கலை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தகவல் கேட்கும் உரிமை "பிரஜைக்கு" உரியது என்று அச்சட்டம் சொல்வதை வாசிக்கும்போது, அந்தச் சொல்லுக்காக ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லலாம், தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிய வேண்டும். தராவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

இந்தச் சட்டத்தில் வெற்றியும் தோல்வியும் கேள்வியைக் கேட்கும் விதத்தில் இருக்கிறது. "எங்கள் தோட்டத்தை ஏன் புறக்கணிக்கிறீர்கள்" என்று கேட்டால் தகவல் இல்லை என்று பதில் வரும், அது சரியான பதிலும்கூட. இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். தொழில் அலுவலகத்திடம்: கடந்த மூன்று ஆண்டுகளில் எமது தோட்டத்தில் தொழில் உத்தியோகத்தர் பரிசோதனைக்குச் சென்ற திகதிகளும் அந்த அறிக்கைகளின் பிரதிகளும். பிரதேச செயலகத்திடம்: அங்கே சேவையாற்றும் உத்தியோகத்தர்களில் தமிழில் கடமையாற்றும் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை, பதவி வாரியாக. பிரதேச சபையிடம்: 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பின்னர், ஒவ்வோர் ஆண்டும் தோட்டப் பாதைகளுக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும். "தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது" என்ற பழைய சாக்கு அந்தத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லும் உத்தியோகத்தரிடம் எழுத்தில் தரும்படி கேளுங்கள், தர மாட்டார்.

தனியார் கம்பனி நடத்தும் தோட்டத்திடம் இந்தச் சட்டத்தின்படி நேரடியாகக் கேட்பது கடினம். ஆனால் காணி அரசினுடையது. 1992இல் நிர்வாகம் தனியாருக்குப் போனபின் நீண்டகாலக் குத்தகையில் கொடுக்கப்பட்டது. ஆகவே குத்தகை நிபந்தனைகளையும் கம்பனிகள் அரசுக்கு அளிக்கும் அறிக்கைகளையும் அமைச்சிடம் கேட்கலாம். ஜனவசம போன்ற அரச தோட்ட நிறுவனங்களிடம் நேரடியாகவே கேட்கலாம்.

பேசுவதும் படம் எடுப்பதும்

கோப்பு முதிர்ந்த பிறகு ஊடகத்திடம் போங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் தாயின் முகத்தை அவர் சம்மதமில்லாமல் எடுத்துப் போடுவதும் ஓர் உரிமை மீறல்தான். கூரையை எடுங்கள், திகதியைக் காட்டுங்கள். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை அரச அலுவலக மேசையில் யாராவது சொன்னால், சொன்னவர், இடம், நேரம், கேட்டவர்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பாரபட்ச முறைப்பாட்டில் அந்த வரி பெறுமதியானது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சிறு தோட்டக்காரரின் கொழுந்திலும் சேகரிப்பவர் கழிக்கிறார் என்பதை மறக்காதீர்கள். தராசு பற்றிய முறைப்பாட்டில் அவரையும் சேர்த்துக்கொண்டால், அதை இனப் பிரச்சினையாக்கி ஒதுக்கித் தள்ளுவது யாருக்கும் இலகுவாக இராது.

ஐக்கிய நாடுகள் சபைக்கு எழுதுவது பற்றியும் கேட்கிறார்கள். இன ரீதியான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையில் இலங்கை 1982 முதல் ஒரு தரப்பு. நவீன அடிமைத்தனம் பற்றிய விசேட அறிக்கையாளர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து போனபின் தோட்ட மக்களின் நிலையைத் தம் அறிக்கையில் எழுதினார். அங்கே எடுபடுவதும் இதே கொப்பிதான். உள்ளூரில் கொடுத்த கடிதங்களும் அவற்றுக்கு வந்த, வராத பதில்களும் அடுக்கப்பட்டிருந்தால் சிவில் அமைப்பு ஒன்று அதை எடுத்துச் செல்லும்.

கடிதம் கொடுத்த அன்றே வீட்டில் தொங்கும் நாட்காட்டியில் மூன்று திகதிகளை வட்டமிடுங்கள்: பதில் வர வேண்டிய நாள், நினைவூட்டல் அனுப்ப வேண்டிய நாள், மேன்முறையீட்டுக்கான கடைசி நாள். முதல் வட்டம் கடந்த மறுநாள் காலை பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் கடிதத்தின் பதிவேட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது பிரதியைக் கொண்டு போங்கள். முத்திரை விழுந்த மூலம் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும்.